பயன்படாத சாணம்

அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சாணி மேடம். என் காதுபடவே சொல்வார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் அம்மா அதற்கும் ஒரு படி மேலே. மலைக்குப் போய்விட்டு வந்தால் செருப்பைத் தெருவோரமாக விட்டுவிட்டு, கொல்லைப்புறமாகச் சுற்றிப்போய்க் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் கயிறும் கோணியும் தார்ப்பாயும் விற்கிற பாயின் மகள், எம்.எஸ்ஸி. படித்துவிட்டு மாட்டுச் சாணத்தைத் தேடிக் கல்வராயன் மலை ஏறி இறங்குகிறாள் என்பதில் எங்கள் சொந்தக்காரர்களுக்கு அடங்காத சிரிப்பு. கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் வந்து உட்காரும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கிண்டல் செய்வார்கள். அதற்கெல்லாம் நான் கூசியதே இல்லை. பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பிரியாணியைப் பார்ப்பேன். எனக்கு வெட்கம் வந்தது வேறு இடத்தில், வேறு ஒருத்தியின் முன்னால்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாணம், சர்க்கரை ஆலைக் கழிவு, ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் கிழங்குத் திப்பி, சந்தைக் குப்பை இதையெல்லாம் காற்றுப் புகாத பெரிய தொட்டியில் ஊற வைத்தால் வாயு வரும். அதைச் சுத்தம் செய்து அழுத்தி அடைத்தால் லாரி ஓட்டலாம், பஸ் ஓட்டலாம், குழாயில் விட்டுச் சோறு ஆக்கலாம். வெளிநாட்டில் எரிவாயு வாங்குவதைக் குறைக்க, நாடு முழுக்க இப்படி ஆலைகள் வர வேண்டும் என்று டெல்லியில் ஓர் இலக்கு வைத்தார்கள். நல்ல இலக்குதான், இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அது டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கே மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்கப்பட்டு, எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தபோது ஒரே ஒரு வாக்கியமாக ஆகியிருந்தது. இந்த நிதியாண்டுக்குள் கள்ளக்குறிச்சி மாவட்டம் இவ்வளவு சாணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சின்னசேலம் பக்கம் ஒரு தனியார் நிறுவனம் ஆலை கட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சாணம் தருகிற ஊர்களைப் பேசிச் சேர்ப்பது என் வேலை. ஒப்பந்த வேலை. மார்ச் மாதம் இலக்கை எட்டியிருந்தால் அடுத்த வருஷத்துக்கு நீட்டிப்பார்கள். எட்டாவிட்டால் அத்தாவின் கடையில் உட்கார்ந்து கயிறு அளக்க வேண்டியதுதான்.

எங்கள் அதிகாரி முதல் நாளே எனக்கு ஒரு பாடம் நடத்தினார். "ஊர்ல போயி மீத்தேன்னு வாயத் தொறந்துடாதீங்கம்மா. டெல்டா பக்கம் அந்தப் பேரைச் சொன்னாலே ஜனங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க. அது வேற, இது வேறன்னு நீங்க வெளக்கி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிடும். சாண எரிவாயுன்னு சொல்லுங்க, போதும்." அவர் கெட்டவர் இல்லை. மேசை இழுப்பறையில் சர்க்கரை நோய் மாத்திரையும் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையும் வைத்திருப்பார். சென்னையிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். அவர் எழுந்து நிற்கிறார் என்றால் அன்று மாலைக்குள் நானும் யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருக்கும்.

சமவெளியில் சாணம் கிடைக்கவில்லை. மாடு வைத்திருப்பவர்களே குறைவு, வைத்திருப்பவர்களும் தங்கள் வயலுக்கே போதவில்லை என்றார்கள். அதனால் மலையைப் பார்த்தோம். கரியாலூரைச் சுற்றிய ஊர்களில் மாடு ஜாஸ்தி. ஆனால் எந்த வீட்டுப் பக்கத்திலும் ஒரு எருக்குழி கிடையாது, குப்பைமேடு கிடையாது. யாரும் சாணத்தை அள்ளிச் சேர்ப்பதாகவே தெரியவில்லை. மாவட்டத் திட்டத்தை எழுதும்போது அதற்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது. நான்தான் யோசித்துக் கொடுத்தேன். மலைப்பகுதியில் பயன்படுத்தப்படாத சாணம். அதிகாரிக்கு அது ரொம்பவும் பிடித்துப்போய், சென்னைக்குப் போன ஒவ்வொரு கடிதத்திலும் அதைச் சேர்த்தார். எனக்கும் அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் நான் அக்கா என்று கூப்பிட்ட அந்த மலைக்காரியைச் சந்தித்தேன். கரியாலூருக்கு அந்தப் பக்கம், சாலை ஒரு திருப்பத்தில் வளைந்து இறங்குகிற இடத்தில் அவளுடைய நிலம் இருந்தது. வீட்டுக்காரர் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். மாடுகளையும் நிலத்தையும் அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். நான் போனபோது மூங்கில் தட்டிகளைப் பிடுங்கிக் கொஞ்சம் மேலே தள்ளி நட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பட்டி மாத்தறேன்" என்றாள். "நீ டீச்சரா?"

மலையில் கையில் பையோடு வருகிற பெண்கள் எல்லோரும் டீச்சர்தான். இல்லை என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கடைசிவரைக்கும் அவளுக்கு நான் டீச்சர்தான்.

பட்டி என்பது நிலத்துக்குள்ளேயே போடுகிற தொழுவம். அறுவடை முடிந்ததும் நிலத்தின் கீழ்க்கோடியில் தட்டி கட்டி, ராத்திரிக்கு மாடுகளை அதற்குள் அடைக்கிறார்கள். சாணமும் மூத்திரமும் அங்கேயே விழும். சில நாள் கழித்துத் தட்டியை அடுத்த துண்டுக்கு நகர்த்துகிறார்கள். இப்படியே நகர்த்தி நகர்த்தி ஆடி மாத விதைப்புக்குள் நிலத்தின் மேல்கோடிக்குப் போய்விடுவார்கள். சாணத்தை ஒருவரும் அள்ளுவதில்லை, சுமப்பதில்லை. மாடே நடந்து போய் நிலத்துக்கு எரு போட்டுவிட்டு வருகிறது. நான் குழியும் குப்பைமேடும் தேடியதால்தான் எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

இதைப் பார்த்ததும் திரும்பிப்போய்த் திட்டத்திலிருந்து அந்தத் தலைப்பை நீக்கியிருக்கலாம். ஆனால் நான் பேச உட்கார்ந்தேன். நன்றாகப் பேசுவேன், அது எனக்கு வாய்த்த வரம், வயிற்றுப்பாடும்கூட. சாணத்தைச் சாலையோரமாகச் சேர்த்து வைத்தால் லாரி வந்து எடுத்துக்கொள்ளும், காசு வரும், வாயு எடுத்தபின் மிஞ்சுகிற எருவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றேன். திட்டத்தில் அப்படித்தான் இருந்தது. நான் எதையும் இட்டுக்கட்டவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இந்தக் கொல்லைக்கு எரு எப்ப வரும்?" என்றாள்.

"விதைப்புக்கு முன்னாடியே வந்துடும்க்கா. சாணியவிட நல்ல எரு."

"இத்த நீ சொல்றியா, உங்க ஆபீஸ் சொல்லுதா?"

"நான் சொல்றேன்."

அவள் தட்டிகளைப் பிடுங்கி அடுக்கினாள். அந்த வாரத்திலிருந்து மாடுகளைச் சாலையோரத்தில் கட்டி, விடிந்ததும் சாணத்தை அள்ளிக் குவிக்க ஆரம்பித்தாள். ஊரில் மற்றவர்கள், இவளுக்கு நல்லது நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சும்மா இருந்தார்கள். நாங்கள் அந்த ஊர் முழுவதும் திட்டத்தில் சேர்ந்ததாகவே கணக்குக் காட்டினோம். நிலம் பட்டியில்லாமல் கிடந்தது. எரு திரும்பி வந்தால்தான் அந்த வருஷம் அவளுக்கு விளைச்சல். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

பங்குனி பிறந்தது. மார்ச் முடிவதற்குள் ஆலையைத் திறந்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. ஆலை முடிந்திருக்கவில்லை. ஒரு தொட்டியில் கழிவை நிரப்பியிருந்தார்கள், அது ஊறிப் பக்குவப்பட்டு வாயு வர இன்னும் நாள் பிடிக்கும். ஆனாலும் பந்தல் போட்டாயிற்று, விருந்தினருக்குச் சொல்லியாயிற்று. சாண எரிவாயுவில் எரிகிற அடுப்பில் ஒரு மலைவாழ் பெண் பால் காய்ச்சுவது என்று நிகழ்ச்சி வைத்தார்கள். புது வீட்டுக்குப் போனால் முதலில் பால் பொங்கவிடுகிற வழக்கம் எல்லோருக்கும் உண்டு, எங்கள் வீட்டிலும் ஃபாத்திஹா ஓதிவிட்டுப் பால்தான் காய்ச்சுவோம். பொருத்தமாக இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். யாரைக் கூட்டி வருவது என்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அன்று காலை ஜீப்பில் போய் அக்காவை அழைத்து வந்தேன். அரக்கு நிறத்தில் புதுப் புடவை, மடிப்புக்கூடக் கலையவில்லை. விடியற்காலையில் கறந்த பாலைத் தூக்குவாளியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அங்கே பால் வாங்கி வைத்திருப்பார்கள் என்று சொன்னேன்.

"என் மாட்டு சாணியிலே எரியற அடுப்பு. பாலும் அத்தோடது இருக்க வேணாமா?" என்றாள்.

அவளுடைய சாணத்தில் ஒரு கூடைகூட இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்குப் பிடித்திருந்தது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் தூக்கை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஆலைக்குப் போனதும் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பந்தலின் ஓரத்தில் மேடையை ஒட்டித் துணி கட்டி மறைத்திருந்தார்கள். அதன் பின்னால் ஒரு சிலிண்டர் இருந்தது. சாதாரணச் சிவப்புச் சிலிண்டர், எல்லோர் வீட்டிலும் இருப்பது. அதிலிருந்து குழாய் சமுக்காளத்துக்கு அடியில் ஓடி அடுப்புக்குப் போனது.

"சார், இது..." என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கும்மா" என்றார். "கேஸ் வராம போயிடாது. இன்னிக்கு வரல, அவ்ளோதான். நீங்க மூஞ்ச அப்படி வெச்சிக்காதீங்க. போட்டோ எடுப்பாங்க."

நான் முகத்தை மாற்றிக்கொண்டேன். என்னால் அது முடிந்தது என்பதே இப்போது நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. மேடையில் ஒருவர் நாட்டின் இலக்கைச் சொன்னார், இன்னொருவர் மாநிலத்தின் இலக்கைச் சொன்னார், எங்கள் அதிகாரி மாவட்டத்தின் இலக்கைச் சொல்லிவிட்டு, மலைப்பகுதியில் பயன்படுத்தப்படாத சாணம் என்று ஆரம்பித்தார். அக்கா அடுப்புக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். நெருப்பு நீலமாகப் பிடித்துக்கொண்டதும் கைதட்டினார்கள். அவள் குனிந்து அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைத் தேடினாள். கூட்டத்தில் என்னைக் கண்டதும் சிரித்தாள். அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பால் பொங்கி வழிந்தது. மறுபடியும் கைதட்டல். முதல் டம்ளர் பாலைச் சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்கும்படி அதிகாரி ஜாடை காட்டினார். அக்கா ஒரு கரண்டிப் பாலை எடுத்துக்கொண்டு, "மொதல்ல பட்டிக்கு" என்றாள்.

மேடையில் இருந்த யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. மாட்டுப் பொங்கலன்று அவர்கள் ஊரில் முதல் கை பட்டிக்குத்தான். சோறு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்துக்கு ஊற்றிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். கரியாலூர் பக்கத்துப் பெண்ணைக் கொண்டுவந்து அடுப்பின் முன்னால் நிறுத்தத் திட்டம் போட்ட எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவள் இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்குப் போனாள். சமுக்காளம் மேடாகத் தெரிகிற வழியைப் பார்த்துக்கொண்டே, கரண்டியிலிருந்து சிந்தாமல், மெதுவாக நடந்தாள். நான் எழுந்து பின்னால் ஓடினேன். அவளைப் பிடிப்பதற்குள் துணியைத் தூக்கிவிட்டாள்.

அவள் சிலிண்டரைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் யாரோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி மேடையில் நின்றபடி வியர்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து, கரண்டியில் இருந்த பாலைச் சிலிண்டருக்கு முன்னால் மண்ணில் ஊற்றினாள். துணியைக் கீழே விட்டாள். பக்கத்தில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தாள்.

"காத்துல தூக்கிக்கும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

திரும்பிப் போய் விருந்தினருக்குப் பால் கொடுத்தாள். போட்டோவுக்கு நின்றாள்.

ஜீப்பில் மலையேறும்போது நான் பாதையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள்தான் காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, "பால் நல்லா பொங்குச்சி" என்றாள். அவள் இறங்குகிற இடத்தில், "கேஸ் சீக்கிரம் வந்துடும்க்கா. லாரியும் வரும்" என்றேன்.

"வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குவியலைப் பார்க்கப் போனாள்.

கேஸ் வந்தது, உண்மையாகவே வந்தது. வந்தபோது ஆலைக்கு மலைச் சாணம் வேண்டியிருக்கவில்லை. சர்க்கரை ஆலைக் கழிவு பக்கத்திலேயே கிடைத்தது, திப்பி கிடைத்தது. இவ்வளவு வளைவு ஏறி இறங்கிச் சாணம் ஏற்றி வந்தால் லாரி வாடகைக்கே கட்டுப்படியாகாது என்று நிறுவனத்துக்காரர் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். திட்டம் எழுதும்போதே யாராவது அவரைக் கேட்டிருக்க வேண்டும். நான் தினமும் அவருக்குப் போன் செய்தேன், ஒரே ஒரு நடைக்கு லாரி அனுப்புங்கள், ஒரே ஒரு ஊருக்கு என்று கெஞ்சினேன். பிறகு என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

அக்காவின் குவியல் கோடை மழையில் கரைந்துவிடக் கூடாது என்று அத்தாவின் கடையிலிருந்து பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றை எடுத்துப் போய்க் கொடுத்தேன். "இன்னாம்மா, சாணிக்குத் தார்ப்பாயா?" என்று அத்தா கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. அத்தாவுக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியும்.

மழை தார்ப்பாயின் கீழே புகுந்து வந்தது. மலைச்சரிவில் தண்ணீர் வானத்திலிருந்து மட்டுமா வரும்? சாணம் கரைந்து சாலைக்கு ஓடி, சாலையைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியது. சுற்றுலா வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அருவியைப் பார்க்கப் போனார்கள்.

இதற்கிடையில் எங்கள் மாவட்டம் இலக்கை எட்டியது. சாணத்துக்கு ஏற்பாடு செய்த ஊர்கள் எத்தனை என்பதுதான் கணக்கு. சாணம் எங்கே போனது என்பதற்குக் கேள்வியே இல்லை. குவியல் இருந்ததா, இருந்தது. கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். சால்வையைக் கழற்றக் கை போனது, போட்டோவுக்காகக் கொஞ்சம் இருங்கள் என்றார்கள், இருந்தேன். அத்தா அந்தப் போட்டோவைக் கடையில் மாட்ட வேண்டும் என்றார். வேண்டாம் என்று நான் கத்தியதில் கடைக்கு வந்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஆடியில் எரு வரவில்லை. அக்கா குவியலில் மிஞ்சியதைக் கூடையில் சுமந்து நிலத்துக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று முறை கரியாலூர் வரைக்கும் போய்விட்டு, டீ குடித்துவிட்டு, அங்கிருந்தே திரும்பினேன். கடைசியில் சாமைப் பயிர் வளர்ந்து நிற்கிற நேரத்தில், இனியும் ஒளிந்தால் மனுஷியே இல்லை என்று எனக்கு நானே திட்டிக்கொண்டு போனேன்.

நிலத்தில் ஒரு கோடு இருந்தது. கீழ்ப்பக்கம் பயிர் கரும்பச்சையாக இடுப்புக்கு நின்றது. அதற்கு மேலே, கயிறு பிடித்துக் கிழித்த மாதிரி ஓர் இடத்திலிருந்து, முழங்காலுக்குக்கூட வராமல் வெளுத்துப் போயிருந்தது. மேல்கோடியில் அவள் கூடை சுமந்து கொட்டின இடங்களில் மட்டும் திட்டுத்திட்டாகப் பச்சை.

அவள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கோட்டைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"அது வரைக்கும் பட்டி வந்துது" என்றாள். "அதுக்கப்புறம் நீ வந்தே."

குத்திக் காட்டவில்லை. மழை எப்போது பெய்தது, மாடு எப்போது கன்று போட்டது என்று சொல்வார்களே, அந்தக் குரல்தான். மன்னிச்சிடுக்கா என்றேன். அவள், "வெயில்ல நிக்காதே, நெழலுக்கு வா" என்றாள். பலாச்சுளை எடுத்து வந்து கொடுத்தாள். நான் தின்றேன். அந்த நிலத்து மரத்தின் பலாச்சுளையை அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

தை மாதம் புது இலக்கு வந்தது. சென்ற வருஷம் எட்டிவிட்டதால் இந்த வருஷத்துக்குக் கூட்டியிருந்தார்கள். மலைப்பகுதிகளில் முன்மாதிரியாக இருக்கும் ஊர் என்று அக்காவின் ஊர் பட்டியலில் முதலில் இருந்தது. பயன்படுத்தப்படாத சாணம் என்ற என் தலைப்பு சென்னைக்குப் போய், வேறு மலை மாவட்டங்களின் திட்டங்களிலும் ஏறித் திரும்பி வந்திருந்தது. அதிகாரி அதைக் காட்டி, "ஒங்க வார்த்த எங்கெங்க போயிருக்கு பாருங்கம்மா" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்த வாரத்தில் ஒரு நாள், அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அத்தா கடையிலிருந்து போன் செய்தார். உன்னைத் தேடிக்கொண்டு மலையிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார்கள் என்றார். போனேன். அக்கா கடை வாசலில் நின்றிருந்தாள், அதே அரக்குப் புடவை. கையில் நீலத் தார்ப்பாய், சதுரமாக மடித்துக் கயிறு போட்டுக் கட்டியது.

"ஓடையிலே போட்டுக் கழுவினேன். நாத்தம் இருக்காது" என்று அத்தாவிடம் கொடுத்தாள்.

அத்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்கம்மா, வெயில்ல வந்துகினு" என்றார். டீ சொன்னார். அவள் உட்காரவில்லை. என்னிடம் திரும்பினாள்.

"சாமை அறுத்தாச்சி. தட்டி நடணும். அதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். இந்த வருஷமும் சேத்து வெக்கணுமா, பட்டியே போட்டுக்கட்டுமா?"

இதைக் கேட்க அவள் பஸ் ஏறி மலையிறங்கி வந்திருந்தாள். ஒரு வருஷம் ஏமாந்த பிறகும் என்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று வந்திருந்தாள். என் பையில் புது இலக்கு இருந்தது, அதில் அவள் ஊர் முதலில் இருந்தது.

"பட்டி போடுங்கக்கா" என்றேன். "லாரி வராது. இந்த வருஷமும் வராது. எருவும் வராது. நான் சொன்னேன்னு செய்யாதீங்க."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அப்போ உன் வேலை?" என்று அக்கா கேட்டாள்.

அத்தா யாரும் கேட்காத கயிற்றை அளப்பது போல இழுத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் அந்த மறைப்புக்குப் பின்னாடி உன் மூஞ்சியப் பாத்தேன் இல்ல" என்றாள். "அப்பவே தெரிஞ்சிபோச்சி. உனக்கும் மேல யாரோ நிக்கறாங்கன்னு."

"அக்கா, அது..."

"கீழ இருந்து பட்டி போட்டுக்கறேன். ரோட்டோரமா மட்டும் கொஞ்சம் குவிச்சி வெக்கறேன். யாராச்சும் ஜீப்புல வந்து பாத்தா, டீச்சரு சொல்லித்தான் சேத்து வெச்சிருக்கறோம்னு சொல்லிடறேன். நீ பயப்படாதே."

டீ வந்தது. நின்றபடியே குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு அத்தாவைப் பார்த்து, "பாய், இத்த நானே எடுத்துக்கினு போறேங்க. குவியல மூடி வெக்கணும்" என்று தார்ப்பாயைத் திரும்பக் கேட்டாள்.

அத்தா என்னைப் பார்த்தார். கொடுக்கவா வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டும் போல. வேண்டாங்கக்கா, ஒரு கூடைகூட வேண்டாம், எல்லாமே நிலத்துக்குப் போகட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது.

அத்தா தார்ப்பாயை எடுத்துக் கொடுத்துவிட்டார். அக்கா அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில்தான் ரொம்ப நேரம் போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. அந்த மார்ச்சிலும் எனக்கு வேலையை நீட்டித்தார்கள்.